பெரட்டுக்களத்துக்கு வரும் ரோபோ

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டனை நோக்கி ஏறும் பாதையில் செல்பவர், கொக்கோவும் சாதிக்காயும் கராம்பும் நெருங்கி வளர்ந்த தோப்புகளையும், கிளிசிரிடியா மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக்கொடிகளையும், சரிவுகளை மூடிய தேயிலையையும், அவற்றுக்கெல்லாம் மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரவனத்து நிழலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பார். இப்பயிர்களில் எதனையும் நெல்லைப்போல ஒரே வீச்சில் அறுத்துவிட முடியாது. மிளகுச் சரம் முற்றிப் பழுக்கத் தொடங்கியதா என்று ஏணியில் நின்று கண்ணால் பார்த்துக் கையால் ஆயவேண்டும்; கராம்பின் மொட்டை அது விரியுமுன் கொய்யவேண்டும்; தேயிலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளவேண்டும். கண்ணும் கையும் ஒருங்கே உழைக்கும் இத்தகைய தொழில்கள் மனிதருக்கே உரியவை என்றும், யந்திரம் ஒருநாளும் இவற்றை நெருங்காது என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அந்த நம்பிக்கை இப்போது தளர்ந்துவிட்டது. பழத்தையும் காயையும் பிரித்தறிந்து பறிக்கும் ரோபோக்கள் பல தேசங்களில் ஆய்வுகூடங்களை விட்டு வயலுக்கு வந்திருக்கின்றன. ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களுக்கென, ஓட்டுநர் இன்றியே வரிசை பிடித்துச் செல்லும் அறுவடை யந்திரங்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. இரத்தோட்டையின் செங்குத்துச் சரிவுகளில் அவை ஏறுவதற்கு இன்னும் காலம் செல்லும். அந்தக் காலம் நமக்குச் சிந்திப்பதற்குக் கிடைத்த அவகாசம் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் இந்த யந்திரங்களைப் பற்றிய தர்ம நியாயங்களை, அவற்றைச் செய்பவர்களும் வாங்குபவர்களும் அறிஞர்களுமே இதுவரை பேசி வந்திருக்கிறார்களேயன்றி, அவை வந்து நிற்கப்போகும் மலையில் வாழ்பவர்கள் பேசியதில்லை.

முதலில் இந்த யந்திரத்தின் இயல்பைத் தெரிந்துகொள்வது அவசியம். கொழுந்து வெட்டும் கத்தரிக்கோலும், மோட்டார் பூட்டிய வெட்டுயந்திரமும் பிடித்திருப்பவர் கொண்டுசெல்லும் இடத்தில் வெட்டுகின்றன; எதை வெட்டுவது என்ற தீர்மானம் அவற்றைப் பிடித்த மனிதரிடமே இருக்கிறது. தானாக இயங்கும் ரோபோவோ நான்கு காரியங்களைத் தானே செய்கிறது: கமராவினாலும் ஒளிக்கதிர் உணரியினாலும் தன் சுற்றுப்புறத்தை உணர்கிறது, உணர்ந்தவற்றில் எது இலை, எது கிளை, எது பாறை, எது மனிதர் என்று ஊகிக்கிறது, அடுத்து என்ன செய்வதென்று தெரிவு செய்கிறது, பின்னர் கரத்தையோ சக்கரத்தையோ அசைக்கிறது. இந்த நான்கில் இரண்டாவதும் மூன்றாவதும் புதியவை. ஆராய்ந்து பார்த்தால், இத்துறையின் தர்மசங்கடங்கள் யாவும் அந்த இரண்டுக்கும் இடையிலேதான் பிறக்கின்றன.

ஊகிக்கும் சக்தி யந்திரத்துக்கு எவ்வாறு வருகிறது? ஆயிரக்கணக்கான, சில வேளைகளில் இலட்சக்கணக்கான படங்களை மனிதர் பார்த்து, இது பறிக்கத்தக்க கொழுந்து, இது முற்றிய இலை, இது வளர்ச்சி நின்ற வங்கி இலை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுக்கிறார்கள். யந்திரத்தினுள் இருக்கும் கணித அமைப்பு, தன் விடைக்கும் மனிதர் குறித்த விடைக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, அந்த வித்தியாசம் குறையும்படி தன்னுள் உள்ள எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போகிறது. பயிற்சி முடிந்தபின், தான் முன்பு கண்டிராத ஒரு செடியை அது பார்க்கும்போது, "இது கொழுந்து" என்று உறுதி கூறுவதில்லை. "இது கொழுந்தாக இருக்கும் சாத்தியம் நூற்றுக்கு எண்பது" என்ற வகையில் ஓர் எண்ணைத்தான் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் கரத்தை நீட்டுவது, எந்த எண்ணுக்குக் கீழே பேசாமலிருப்பது என்ற எல்லையை யந்திரம் வகுப்பதில்லை. அதை வடிவமைத்தவர் வகுத்து வைக்கிறார். எல்லையைத் தாழ்த்தினால் முற்றிய இலையும் சேர்ந்து வரும். உயர்த்தினால் நல்ல கொழுந்து செடியிலேயே நின்றுவிடும். இலை விஷயத்தில் இது வியாபார இலாபநட்டக் கணக்கோடு முடிந்துவிடுகிறது. அதே எல்லைக்கோடு, எதிரே தெரிவது நிழலா மனிதரா என்ற கேள்விக்கு வகுக்கப்படும்போது, அதை வகுத்தவர் தம்மை அறியாமலே ஓர் உயிரின் பெறுமதியை நிறுத்துப் பார்த்தவராகிறார்.

இதற்குப் பிரத்தியட்சமான உதாரணம் ஒன்று உண்டு. 2018 மார்ச் 18ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தெம்பி நகரில், ஊபர் நிறுவனம் பரிசோதித்துக்கொண்டிருந்த, தானாக ஓடும் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இவ்விபத்தை விசாரித்து வெளியிட்ட விவரங்கள், விஞ்ஞானம் கற்கும் ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டியவை. மோதலுக்கு 5.6 செக்கன் முன்பே யந்திரம் அப்பெண்ணை உணர்ந்துவிட்டது. ஆனால் அவரை ஒரு கணம் இன்னதென்று தெரியாத பொருள் என்றும், மறுகணம் வாகனம் என்றும், பின்னர் சைக்கிள் என்றும் மாறி மாறி வகைப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அவர் எத்திசையில் செல்வார் என்ற கணிப்பைப் புதிதாகத் தொடங்கியது. மஞ்சட்கடவை இல்லாத இடத்தில் ஒருவர் வீதியைக் கடக்கக்கூடும் என்பதற்கு அந்த மென்பொருளில் இடமே வைக்கப்பட்டிருக்கவில்லை. பொய்யான எச்சரிக்கைக்கெல்லாம் கார் அடிக்கடி நின்றுவிடக் கூடாதே என்பதற்காக, அபாயம் தெரிந்தபின்னும் ஒரு செக்கன் பொறுத்திருக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. யந்திரம் தன் அமைப்பை மீறவில்லை. அதை அமைத்தவர்களின் மனத்தில், கடவையில்லாத இடத்தில் வீதியைக் கடக்கும் மனிதர் ஒருவர் இருக்கவில்லை.

நம் மலைப்பாதைகளை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். நடைபாதை என்று தனியாக ஒன்றும் இல்லாத வளைவுகளில், தலையில் விறகுக்கட்டுடன் வரும் தாயும், பாடசாலை விட்டு வரிசையாக வரும் பிள்ளைகளும், மழைக்குக் கொங்காணி போர்த்து, இடுப்பில் படங்கு கட்டி, நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்துக் கூடை சுமந்து குனிந்து நடக்கும் பெண்களும் அன்றாடம் செல்கிறார்கள். வேறொரு கண்டத்தின் அகன்ற வீதிகளில் எடுத்த படங்களைக் கொண்டு பயின்ற யந்திரம் இந்த உருவத்தைக் கண்டால் மனிதர் என்று கொள்ளுமா? முகத்தை அறியும் மென்பொருள்களை 2018இல் ஜோய் புவலாம்வினியும் திம்னித் கெப்ருவும் பரிசோதித்தபோது, வெண்ணிற ஆண்களின் பாலை வகைப்படுத்துவதில் நேர்ந்த பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க, கருநிறப் பெண்களிடத்தில் அது ஒரு மென்பொருளில் நூற்றுக்கு 34.7 வரை உயர்ந்திருந்தது. எவருடைய படங்கள் குறைவாக இருந்தனவோ அவர்களையே யந்திரம் அதிகம் தவறாக அறிந்தது. பட்சபாதம் என்பது எவரோ ஒருவர் வேண்டுமென்று புகுத்தும் தீமையாக இருக்கவேண்டியதில்லை. ஒரு சமூகம் கணக்கில் எடுக்கப்படாமல் விடப்பட்டாலே போதும், அது தானாக உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறது. மலையகத் தமிழர் கணக்கில் விடப்படுவது எப்படியிருக்கும் என்பதை அறிய எந்த ஆய்வும் வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டபோது ஒரு முறையும், 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தம் சம்மதமின்றி இலங்கை, இந்தியா ஆகிய இரு தேசங்களுக்கும் பங்கிடப்பட்டபோது மறுமுறையும் அதை அவர்கள் அநுபவித்திருக்கிறார்கள்.

தெம்பி விபத்துக்குப் பொறுப்பேற்றவர் யார் என்பது இன்னும் முக்கியமான விஷயம். 2019இல், கம்பனியின்மீது குற்றவியல் வழக்குத் தொடர ஆதாரமில்லை என்று அரச வழக்குரைஞர் தெரிவித்தார். காரில் கண்காணிப்பாளராக அமர்ந்திருந்த பெண், அந்நேரம் கைத்தொலைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தமைக்காகக் குற்றம் சாட்டப்பட்டு, 2023இல் குற்றத்தை ஏற்று மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட்டார். அவர் தவறு செய்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மணிக்கணக்காக ஒன்றும் செய்யாமல், யந்திரம் தவறும் ஒரு செக்கனுக்காக விழித்திருக்கும்படி ஒரு மனிதரை அமர்த்துவது மனித இயல்புக்கே மாறானது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நீதிமன்றக் கூண்டுக்கு வரவில்லை. தோட்டச் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இந்த அமைப்புப் புதிதன்று. இலண்டனில் பங்குதாரரும், கொழும்பில் முகவர் நிறுவனமும், பங்களாவில் துரையும் இருக்க, மலையில் தொழிலாளியின் முன்னே நின்றவன் கங்காணி ஒருவனே. கட்டளை பிறந்த இடம் எட்டாத தூரத்தில் இருந்ததால், கோபமும் முறையீடும் அவனோடு நின்றுபோயின. தானாகத் தீர்மானிக்கும் யந்திரம் அந்தக் கங்காணியின் இடத்துக்கு வருகிறது. அவனிடமாவது மன்றாடலாம், அவன் மனம் இரங்கவும் கூடும்; யந்திரத்திடம் முறையிட வாயில் கிடையாது.

இது எதிர்காலத்துக் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். ரோபோவின் கையும் காலும் வருமுன், அதன் தீர்மானிக்கும் பகுதி தோட்டங்களுக்கு வரத் தொடங்கிவிட்டது. கொழுந்தைத் தராசில் வைத்ததும் பெயரும் நிறையும் தானாகவே கணினியில் பதியும் மின்னணு முறை சில தோட்டங்களில் வந்திருக்கிறது. நிறுவையில் தண்ணீருக்கும் சாக்குக்குமாகக் கிலோக் கணக்கில் கழிப்பது தோட்ட மக்களின் நெடுநாளைய மனக்குறை. கணக்கப்பிள்ளையின் பென்சில் செய்த அநீதியை மின்னணுத் தராசு போக்குமாயின் அது மிகவும் நல்லது. ஆனால் கழிவு எவ்வளவு என்பதை மென்பொருளுக்குள்ளேயே எழுதிவிட்டால், பென்சிலுடன் வாதாடிய பெண் இனி எதனுடன் வாதாடுவார்? நாட்கூலி 1000 ரூபா என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியான பிறகு, அந்தக் கூலிக்கு எத்தனை கிலோ என்பதுதான் தோட்டந்தோறும் வழக்காயிற்று. இன்ன அளவுக்குக் குறைந்தால் அரைநாட் கூலியாகிய அரைப்பேர் என்று தீர்ப்பளிக்கும் காரியம், தொழிலாளர் காலையில் கூடி வேலை பெறும் பெரட்டுக்களத்தில் பலர் அறிய, குரல் உயர்த்தி எதிர்க்கக்கூடியதாக இருந்தது. அதுவே ஒரு நிரலின் உள்ளே ஒரு வரியாகப் போய்விட்டால், அநீதி நேர்ந்ததா என்பதைக்கூட அறிய முடியாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தானியக்கமாக எடுக்கப்பட்ட முடிவை மீள்பரிசீலனை செய்யக் கோரும் உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. விவேகமான ஏற்பாடு அது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாக இருந்து, பின்னர் ஒத்திவைக்கப்பட்டன. தோட்டத்து வரிசை வீடாகிய லயத்தில் வாழும் ஒரு தொழிலாளிக்கு அந்த உரிமை அவருக்குப் புரியும் மொழியில், அவர் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் கிடைத்தாலன்றிச் சட்டப் புத்தகத்தில் அது இருப்பதால் அவருக்குப் பிரயோசனமில்லை.

ஜீவனத்தைப் பற்றிய அச்சம் எல்லாவற்றிலும் பெரியது. அதை அறியாமை என்று தள்ளிவிடுவது அநியாயம். ஆபிரிக்காவில் கென்யாவின் கெரிச்சோப் பிரதேசத் தேயிலைத் தோட்டங்களில், பல ஆண்டுகளாகக் கைகளின் இடத்தை மோட்டார் வெட்டுயந்திரங்கள் பிடித்து வந்ததை எதிர்த்து, 2023 மே மாதம் மக்கள் அவற்றைத் தீயிட்டார்கள். மோதலில் உயிரும் போயிற்று. அவை தானாக இயங்கும் ரோபோக்களும் அல்ல; மனிதர் செலுத்தியவையே. நம்முடைய மலைகளிலும் ஒரு தொழில் முழுவதுமாக மறைந்த அநுபவம் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியிலே எண்ணற்றோரை வாந்திபேதிக்கும் பசிக்கும் பறிகொடுத்த தமிழ்த் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களை உருவாக்கினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் இரண்டு தசாப்தங்களுக்குள் அக்கோப்பியை அழித்தது. தோட்டக்காரர் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் மாறினார்கள். அந்த மாற்றத்தில் தொழிலாளரின் கருத்தை எவரும் கேட்கவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களின் சந்ததியார் நினைவு நடைபயணம் சென்றபோது, காணியும் வீடும் சமத்துவமும் கேட்டார்கள். முன்னோர் வந்து இருநூறு ஆண்டுக்குப் பின்னும் கேட்கவேண்டியிருந்தது.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு. அது போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். கொழுந்து பறிக்கும் ரோபோ யாரிடமிருந்து கற்கும்? பனியிலும் வெயிலிலும் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்குச்சி வைத்துப் பழகி, விரல் நுனியாலேயே முற்றலையும் இளசையும் பிரித்தறியும் பெண்களின் கைகளைப் படம்பிடித்தே அது கற்கவேண்டும். தாயிடமிருந்து மகள் பெற்ற அந்த வித்தை தலைமுறைகளின் சேமிப்பு. அதைப் பதிவு செய்து யந்திரத்துக்குள் ஏற்றியபின், வித்தைக்கு உரியவரை வேலையிலிருந்து நிறுத்துவது, ஒருவருடைய ஆஸ்தியை அவரிடமே இரவல் வாங்கி அவரை வெளியேற்றுவதற்கு ஒப்பாகும். நூலுக்கும் பாட்டுக்கும் பதிப்புரிமை கொடுக்கும் சட்டம், கை வித்தைக்கு ஏன் ஒரு பாத்தியதையும் கொடுப்பதில்லை?

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களுள் ஒருவர் தொழிற்சங்கவாதி அல்லர், கணிதமேதை. கட்டுப்பாட்டு விஞ்ஞானமாகிய சைபர்நெட்டிக்ஸ் துறையை 1948இல் தம் நூலால் நிறுவிய நோபர்ட் வீனர், மறு ஆண்டு ஓகஸ்டில், அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வோல்டர் ரோய்தருக்குத் தாமாகவே ஒரு கடிதம் எழுதினார். தானாக இயங்கும் தொழிற்சாலை விரைவில் சாத்தியமாகும், அதற்கு ஆலோசனை கூறும்படி ஒரு பெரிய கம்பனி தம்மை அணுகியது, தாம் மறுத்துவிட்டார், ஆனால் தாம் மறுப்பதால் அது வராமல் நின்றுவிடாது; ஆகவே தொழிலாளர் அமைப்பு முந்திக்கொண்டு, அந்த யந்திரங்களின் இலாபத்தில் தன் பாத்தியதையை நிலைநாட்டும் வழியைப் பார்க்கவேண்டும் என்பதே கடிதத்தின் சாரம். யந்திரத்தை எதிர்ப்பதா ஏற்பதா என்று மட்டும் தர்க்கித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, யந்திரம் யாருடைய உடைமையாக இருப்பது என்ற மூன்றாவது கேள்வியை அவர் காட்டினார். எழுபது ஆண்டுக்கு மேல் சென்றபின், ரோபோ தர்மம் பேசும் அறிஞர் பலரும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, யந்திரத்துக்கு மனச்சாட்சி உண்டா என்றும், ஐஸக் அசிமோவ் 1942இல் தம் கதைக்காகக் கற்பித்த மூன்று விதிகள் போதுமா என்றும் விசாரித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. மனிதருக்குத் தீங்கு செய்யாதே என்பது அந்த விதிகளில் முதலாவது. தீங்கு எதுவென்று அறியாத ஒன்றுக்கு அவ்விதி என்ன சொல்லும்?

வீனர் விரும்பியதற்கு மிக அருகே வந்த ஒரு காரியம் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. மனிதரை மலக்குழியில் பாதுகாப்பின்றி இறக்குவதை இந்தியச் சட்டம் 2013இல் தடைசெய்தும், விஷவாயுவால் மூச்சடைத்து இறப்பவர்களின் செய்தி நிற்கவில்லை. இறப்பவர்களில் பெரும்பாலோர் சாதியினால் அத்தொழிலுக்குத் தள்ளப்பட்டவர்கள். கேரளத்து இளம் பொறியியலாளர் சிலர் செய்த பாண்டிகூட் என்னும் ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர், மலத்தொட்டியின் அடியில் இறுகிய கசடைச் சுழலும் அலகுகளால் உடைத்துக் கலக்கி உறிஞ்சி எடுக்கும் ஹோமோசெப் என்ற ரோபோவை உருவாக்கினர். தொட்டியின் சிறிய வாயில் வழியாகச் சுருங்கி நுழைந்து உள்ளே குடைபோல விரியும் அலகு அதற்கு உண்டு. யந்திர நுட்பம் பாராட்டத்தக்கது. அதனினும் பாராட்டத்தக்கது, 2022இல் முதற்கருவிகளை ஒப்படைத்த முறை. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தின் துணையுடன், துப்புரவு வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமைதாங்கும் சுயஉதவிக் குழுக்களிடம் அவை கொடுக்கப்பட்டன. அபாயத்தை எந்தக் குடும்பங்கள் சுமந்தனவோ அவற்றின் கையிலேயே, அபாயத்தை ஒழிக்கும் கருவியும் அதன் வருமானமும் போயின. எந்த வேலையை யந்திரத்துக்கு விடவேண்டும், அந்த யந்திரம் யாரிடம் இருக்கவேண்டும் என்ற இரு கேள்விகளுக்கும் இதனிலும் தெளிவான விடையை எந்தச் சர்வதேசப் பிரகடனத்திலும் நான் கண்டதில்லை.

அந்த அளவுகோலை இரத்தோட்டைக்குக் கொண்டுவந்தால், ரோபோ முதலில் செய்யவேண்டியது கொழுந்து பறிப்பதன்று. மலைநாட்டில் குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவதும், சிலர் உயிர் துறப்பதும் ஆண்டுதோறும் வரும் செய்தி. தொழிலாளர் மலைக்குள் இறங்குமுன் மரக்கிளைகளையும் செடிகளின் அடியையும் பறந்து பார்த்துக் கூடு இருக்கும் இடத்தைச் சொல்லும் சிறிய தானியங்கு விமானம் இன்றைய நுட்பத்துக்கு எட்டாததன்று. வழுக்கும் ஏணியின் உச்சியில் நின்று மிளகு ஆயும் வேலையும், கிருமிநாசினியை முதுகில் சுமந்து தெளிக்கும் வேலையும் அவ்வாறே யந்திரத்துக்கு விடத்தக்கவை. இவற்றைச் செய்ய ஒருவரும் அவசரப்படவில்லை என்றால், அதற்கான காரணம் பொறியியலில் இல்லை. கொழுந்து பறிக்கும் கரம் கூலியை மிச்சப்படுத்தும், குளவியைத் தேடும் கண் உயிரை மட்டுமே மிச்சப்படுத்தும்.

சரிவுகளில் உணரிகளைப் பதித்து மண்சரிவை முன்னறியும் தானியங்கு அமைப்புகளையும் பலர் எதிர்பார்க்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபின் அந்த எதிர்பார்ப்பு இன்னும் வலுத்திருக்கிறது. நானும் அதை வரவேற்கிறேன். எனினும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்கமுடியவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் பின்னரும் எச்சரித்திருந்தது. அறிவு குறைவாயிருந்ததனால் அவர்கள் இறக்கவில்லை. எச்சரிக்கையைச் செயலாக மாற்றும் கடமை இன்னாருடையது என்று ஒருவர் தலையிலும் நிற்கவில்லை. போவதற்கு வேறு காணியும் வீடும் அக்குடும்பங்களுக்கு இருக்கவில்லை. இன்னும் நுட்பமான உணரி, இன்னும் விரைவாக எச்சரிக்கும். கேட்டவர் எழுந்து செல்ல ஓர் இடம் வேண்டும்.

தானாகத் தீர்மானிக்கும் யந்திரங்களைப் பற்றிப் பேசுகையில் போர்க்கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மனிதர் தீர்மானியாமல் தானே இலக்கைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களைத் தடுப்பது குறித்து ஜெனீவாவில் 2014 முதல் தேசங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையதும் மிக மூடத்தனமானதும் கண்ணிவெடிதான். அழுத்தம் ஒன்றையே உணர்ந்து, படைவீரரா விறகு பொறுக்கும் சிறுமியா என்று பாராமல் தீர்ப்பளிக்கும் தானியங்கி அது. 1977இன் வன்செயலுக்குப் பின் மலைநாட்டைவிட்டு வன்னிக்குக் குடிபெயர்ந்த தோட்டக் குடும்பங்கள் அந்த யந்திரத்தோடு வாழ்ந்திருக்கின்றன. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. புதைத்தவர்கள் போனபின்னும், வடக்கின் மண்ணை இன்னமும் அங்குலம் அங்குலமாகத் துப்புரவு செய்துகொண்டிருப்பவர்களில் பெண்கள் பலர்.

இனிச் செய்யவேண்டியது என்ன? பிரித்தானியாவின் பொறியியல் ஆராய்ச்சி மன்றம் 2010இல் கூட்டிய அறிஞர் குழு வகுத்த ரோபோத் தத்துவங்களில், எந்த ரோபோவுக்கும் சட்டப்படி பொறுப்பாளர் யார் என்பதை எவரும் கண்டறியக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதும் ஒன்று. அதை நம் தோட்டங்களுக்கு ஏற்ற வடிவில் கேட்கவேண்டும். தானாகத் தீர்மானிக்கும் கருவி ஒன்று, அது தராசானாலும் விமானமானாலும் பறிக்கும் கரமானாலும், பெரட்டுக்களத்துக்கு வருமுன், அதன் செயலுக்குப் பொறுப்பேற்கும் மனிதரின் பெயரும் விலாசமும் அங்கே எழுதி ஒட்டப்படவேண்டும். அது கணக்கிடும் முறை தொழிலாளருக்கு அவர்கள் மொழியில் விளக்கப்படவேண்டும். அபாயம் கண்டால் அதை நிறுத்தும் அதிகாரம் மலையில் நிற்கும் பெண்ணுக்குத் தண்டனை அச்சமின்றி இருக்கவேண்டும். அவர்களுடைய கை வித்தையைப் பதிவு செய்வதானால் சம்மதமும் வருமானத்தில் பங்கும் எழுத்தில் வேண்டும். இரத்தோட்டையிலிருந்தும் கம்மடுவையிலிருந்தும் பல்கலைக்கழகம் சென்று பொறியியல் கற்கும் பிள்ளைகள், தாயின் தொழிலை அறிந்தவர்களாகையால், இக்கருவிகளை வடிவமைக்கும் மேசையில் வேறெவரையும்விட உரிமையோடு அமரத்தக்கவர்கள். குளவிக் கூட்டைத் தேடும் விமானத்தை அவர்களே முதலில் செய்யட்டும். தொழிற்சங்கங்கள், கம்பனிகள் யந்திரத்தை விலைபேசத் தொடங்குமுன் இக்கோரிக்கைகளை எழுதித் தொழில் அமைச்சிடம் கையளிக்க வேண்டும். அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதவேண்டும். இரத்தோட்டையில் ஏணி வைத்து மிளகு ஆயும் சிங்களக் கிராமத்தவருக்கும் இந்த வழக்கில் அதே அளவு உரிமை உண்டு.